சைக்கிள் பயணத்துக்கும் காட்டு நடைக்கும் கை ஜிபிஎஸ்

போன் இருக்கும்போது இடமும் வழியும் காட்ட தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பற்றரி. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்ற கருவி இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணித்தியாலம் வரை ஓடும். இலங்கையின் கிழக்கே உகந்தையிலிருந்து குமணக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு யாத்திரையாக நடக்கிற நாட்களில் சார்ஜ் போட எங்கே இடம்? பொத்துவிலில் நாலு பற்றரி வாங்கிப் பைக்குள் போட்டால் சரி. சார்ஜ் ஏற்றுகிற பற்றரி போட்டால் செட்டிங்கில் அந்த வகையைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மிச்சப் பற்றரியைக் காட்டும் மீட்டர் பிழையாகக் காட்டும்.

வரைபடத்தை வீட்டிலேயே ஏற்றுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை வைத்துக் கார்மினுக்கென்று செய்த இலங்கைப் படம் இலவசமாகக் கிடைக்கிறது, அந்த ஐஎம்ஜி கோப்பை மெமரி கார்ட்டில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும்.

அடுத்தது ஆள்கூறு, அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் அகலாங்கு நெட்டாங்கு எண்கள். இதில்தான் கனபேர் வழுக்குகிறார்கள். போன் 7.50 என்று தசமத்தில் காட்டும், கருவியோ வழக்கமாகப் பாகையும் நிமிடமுமாகக் கேட்கும். 7.50 பாகை என்றால் 7 பாகை 30 நிமிடம். அதை 7 பாகை 50 நிமிடம் என்று அடித்துவிட்டால், ஒரு நிமிடம் கிட்டத்தட்ட 1.85 கிலோமீற்றர், அப்போ 20 நிமிடத்துக்கு 37 கிலோமீற்றர் வடக்கே தள்ளிப் போய்விடும். மண்டூருக்குப் போக வேண்டியவர் செங்கலடிக்கும் அப்பால் தேடிக்கொண்டிருப்பார். செட்டிங்கில் தசமப் பாகைக்கு மாற்றிவிட்டு அடியுங்கள்.

சைக்கிள்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ரூட்டிங், அதாவது கருவி வழி போடும் முறை. 'ஆஃப் ரோட்' அல்லது 'டைரக்ட் ரூட்டிங்' என்று இருந்தால் கருவி நேர்கோடுதான் போடும். காத்தான்குடியில் நின்று கொக்கட்டிச்சோலையைக் கேட்டுப் பாருங்கள், அம்பு மட்டக்களப்பு வாவிக்கு நடுவால் போகும்! வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக மண்முனைப் பாலம் வேண்டும், 2014இல் திறந்தது. அதனால் பாலத்தை ஒரு வேபோயின்டாக (கருவியில் சேமிக்கும் இடக்குறியாக) குறித்து, முதலில் அதற்குப் போங்கள். பாதை (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை) ஓடுகிற துறையால் கடக்க நினைத்தால் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று ஊர் ஆட்களிடம் கேளுங்கள், அது கருவிக்குத் தெரியாது. கிரவல் றோட்டில் குலுங்கும்போது பற்றரி ஆடித் தொடுகை விட்டால் கருவி அணைந்துபோகும், மூடிக்குள் ஒரு கடதாசித் துண்டை மடித்து வைத்து இறுக்குங்கள்.

நடப்பவர்களுக்கு இன்னொன்று. 22எக்ஸில் மின் திசைகாட்டி இல்லை. நின்றுகொண்டு பார்த்தால் அம்பு எங்கேயாவது திரும்பி நிற்கும், கொஞ்சத் தூரம் நேராக நடந்த பிறகுதான் அதை நம்பலாம். அதே வகையில் வரும் 32எக்ஸில் திசைகாட்டி இருக்கிறது, ஆனால் பற்றரி மாற்றும்போதெல்லாம் அதை ஒருக்கா சுழற்றிச் சரிசெய்ய வேண்டும்.

காலையில் புறப்படும்போது வெளியான இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உயரத்தோடு இடம் தெரிய நாலு செய்மதியாவது பிடிபட வேண்டும், அடர்ந்த மரத்துக்குக் கீழே அது இழுபடும். ட்ராக், அதாவது நீங்கள் நடந்த தடம், பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு நடவுங்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தண்ணீரும் தங்கலும் உள்ள ஒவ்வோர் இடத்தையும் அங்கேயே நின்று குறியுங்கள், பெயரோடு 'தண்ணீர் உண்டு' அல்லது 'வற்றிவிட்டது' என்றும் எழுதுங்கள். அடுத்த வருடம் உங்கள் பின்னால் வருகிற அம்மாமாருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் குறிப்பைக் கொடுக்கலாம். இரவு தங்குமிடத்தைக் குறிக்காமல் விறகுக்கோ தண்ணீருக்கோ நகர வேண்டாம், யானை நடமாடும் காட்டில் இருட்டியபின் ஐம்பது மீற்றரும் தூரம்தான்.