டைவ் ரிசார்ட்டை எடுத்து நடத்தப் போகிறீர்களா? முதலில் கம்ப்ரஸர் அறைக்குப் போங்கள்

கடலுக்கடியில் நீந்த வருகிறவர்கள் தங்கும் டைவ் ரிசார்ட், அதுவும் ஓடாமல் கிடக்கும் சின்ன ஒன்றை வாங்குகிறவர்கள் முதலில் அறைகளுக்குப் பெயின்ட் அடிக்கத்தான் நினைப்பார்கள். அது காத்திருக்கட்டும். அவர்கள் சுவாசிக்கும் காற்றை சிலிண்டரில் அடைக்கும் கம்ப்ரஸர், அந்தக் காற்றை இழுக்கும் குழாய் எங்கே திறக்கிறது என்று நேரில் பாருங்கள். ஜெனரேட்டர் புகை அந்தப் பக்கம் வந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு நேராக சிலிண்டருக்குள் போய்விடும். அதற்கு வாசனை கிடையாது. ஆழம் கூடக்கூட அதன் பாதிப்பும் கூடும். சுவாசிக்கும் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 12021 இந்த வாயுவை அனுமதிப்பது 5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 5 பங்கு வரைதான். ஃபில்டரை மாற்றி, காற்று மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு நல்லபடியாக வந்த பிறகே யாருக்கும் காற்று நிரப்புங்கள்.

அப்புறம் சிலிண்டர்கள். தோள்பகுதியில் குத்தியிருக்கும் தேதிகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுங்கள். பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, அதாவது நீரை அழுத்தி சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது, செய்தாக வேண்டும். 6351 அலுமினியக் கலவையில் செய்த பழையவை இருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள், கழுத்துப் பகுதியில் விரிசல் விடக்கூடியவை அவை. விலை பேசும்போதே இந்த நோட்டு கையில் இருக்கட்டும். பட்டியலில் முப்பது சிலிண்டர் என்று இருக்கும். தேறுவது எத்தனை என்பது அப்போதுதான் தெரியும்.

கடைக்குப் பெரிய சரக்கு இப்போதே வேண்டாம். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், மாஸ்க் பட்டை, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரில் வாயில் கவ்வும் மவுத்பீஸ் போதும்.

பழைய படகோட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த நேரத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்பது அவருக்குத்தான் தெரியும்.