சுகாதார நிலையத்தை மக்களே கண்காணிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

மருந்து இல்லை, மருத்துவர் வரவில்லை, இலவசச் சேவைக்குப் பணம் கேட்கிறார்கள் என்ற புலம்பல்களை, பொறுப்பில் உள்ளவர் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்விகளாக மாற்றும் வேலைக்குத்தான் மக்கள் கண்காணிப்பு என்று பெயர். சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று உலக நாடுகள் கூடி 1978இல் வெளியிட்ட அல்மா-ஆட்டா பிரகடனம் கூறுகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு 2002இல் மலாவி நாட்டில் உருவாக்கிய சமூக மதிப்பெண் அட்டை முறையை. சேவை பெறுபவர்களும் அளிப்பவர்களும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவதால், இம்முறையில் குற்றச்சாட்டோடு பேச்சு நின்றுவிடுவதில்லை.

முதல் படி: கிடைக்க வேண்டியது எது என்று அறிதல்

உங்கள் சுகாதார நிலையத்தில் எத்தனை பணியாளர்கள், எந்தெந்த மருந்துகள், எந்தெந்தப் பரிசோதனைகள் இருக்க வேண்டும், அவற்றில் எவை இலவசம் என்பதைத் துறையின் விதிமுறைகளிலிருந்து எழுத்து வடிவில் பெறுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் அதன்வழி விண்ணப்பிக்கலாம். இந்தத் தாள் கையில் இல்லாவிட்டால், "அந்த வசதியெல்லாம் இங்கே கிடையாது" என்ற ஒற்றைப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். எவற்றைப் பார்ப்பது என்ற குழப்பம் இருந்தால், ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு சுகாதார உரிமை பற்றி 2000இல் வெளியிட்ட 14ஆவது பொதுக் கருத்துரையின் நான்கு அளவுகோல்களைக் கைக்கொள்ளலாம்: சேவை இருக்கிறதா, பாகுபாடின்றி எல்லோருக்கும் எட்டுகிறதா, மக்களின் பண்பாட்டை மதிக்கிறதா, தரமாக இருக்கிறதா.

இரண்டாம் படி: குழு அமைத்தல்

அந்த நிலையத்தை உண்மையிலேயே நம்பியிருப்பவர்கள்தான் குழுவில் இருக்க வேண்டும். பெரு நாட்டின் புனோ பகுதியில் கெச்சுவா, அய்மாரா பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதார நிலையங்களுக்கு நேரில் சென்று கண்காணித்தார்கள். தாம் கண்டதை மக்கள் குறைதீர்ப்பு அலுவலகத்தோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் மட்டுமே நிரம்பிய குழுவால், பிரசவ அறையில் ஒரு பெண் பட்ட அவமானத்தைக் கேட்டு வாங்கவே முடியாது.

மூன்றாம் படி: கேள்விகளை வடித்தல்

இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். "சேவை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலே பெரும்பாலும் வரும், மறுபடியும் அதே செவிலியரிடம் போய் நிற்க வேண்டிய ஒருவர் வேறென்ன சொல்வார்? ஆகவே கருத்தைக் கேட்காமல், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாகப் போனபோது எத்தனை மருந்துகள் எழுதிக் கொடுத்தார்கள்? அவற்றில் எத்தனை அங்கேயே கிடைத்தன? எதையாவது வெளியே வாங்கினீர்களா?" என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது, பதில் சொல்பவர் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னாலே போதும். பணம் வாங்கப்பட்டதா என்ற கேள்வியைக் கடைசியில், தனியிடத்தில் கேட்பது நல்லது. பத்துக் கேள்விகளுக்கு மேல் போக வேண்டாம்.

மக்கள் சொல்வதைப் பதிவேட்டோடு ஒப்பிட அனுமதி கேளுங்கள். மருந்து இருப்புப் பதிவேட்டில் ஒரு மாத்திரையின் இருப்பு எந்தத் தேதியில் பூஜ்யமானது, அடுத்த வரவு எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டு வரிகளைக் குறித்துக்கொண்டால், "அடிக்கடி மருந்து இருப்பதில்லை" என்ற பொதுவான முறையீடு, இத்தனை நாட்கள் இல்லை என்ற உறுதியான தகவலாகிவிடும். நோயாளிகளின் பெயரையோ நோயையோ எழுதவே கூடாது. இதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது.

நான்காம் படி: இரு தரப்பும் மதிப்பெண் இடுதல்

பெண்கள், ஆண்கள், இளையோர் எனத் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டுக் காரணத்தையும் எழுதுங்கள். பணியாளர்களும் அதேபோல் தமக்குத் தாமே மதிப்பெண் இடட்டும். இரண்டு அட்டைகளும் வேறுபடும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஐந்தாம் படி: நேருக்கு நேர் கூட்டம்

முழு வேலையின் உயிர்நாடி இந்தக் கூட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்திற்கு முன்பே அட்டையை நிலையத்தின் பொறுப்பாளரிடம் காட்டிவிடுங்கள். எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் தற்காப்பில்தான் இறங்குவார். ஒவ்வொரு குறைக்கும் அது யாருடைய கையில் இருக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நோயாளியை ஒருமையில் அதட்டுவதை அங்குள்ள பணியாளர்களே நிறுத்த முடியும். மருந்து வராததற்கு மாவட்டக் கிடங்கும், காலிப் பணியிடத்திற்கு அதற்கும் மேலிருப்பவர்களும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்யும் செவிலியரை மக்கள் முன் நிறுத்திக் கண்டிப்பது அநியாயம். அந்தச் செவிலியரே பணியிடத்தை நிரப்பச் சொல்லும் மனுவில் உங்களோடு கையெழுத்திடக் கூடியவர். பேசி முடித்ததும் என்ன செய்யப்படும், யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி நிலையத்தின் சுவரில் ஒட்டுங்கள்.

ஆறாம் படி: பின்தொடர்தல்

உகாண்டாவில் 9 மாவட்டங்களைச் சேர்ந்த 50 சமூகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், இத்தகைய கண்காணிப்பு நடந்த இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஓராண்டில் சுமார் 33 விழுக்காடு குறைந்ததாகக் கண்டறியப்பட்டது. அதே நாட்டில் பின்னர் இன்னும் பெரிய அளவில் நடந்த ஆய்விலோ, சிகிச்சைத் தரமும் நோயாளிகளின் மனநிறைவும் ஓரளவு உயர்ந்தனவேயன்றி, குழந்தை இறப்பு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே அட்டை ஒட்டியதுமே உயிர்கள் காப்பாற்றப்பட்டுவிடும் என்று யாருக்கும் வாக்களிக்க வேண்டாம்.

ஒப்புக்கொண்ட தேதிகளில் சென்று, நடந்தது, நடக்காதது இரண்டையும் அதே சுவர்த்தாளில் குறியுங்கள். உள்ளூரில் தீராதவற்றை ஆதாரங்களோடு மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், அருகிலுள்ள நிலையங்களின் குழுக்களோடு சேர்ந்து அதிகாரிகளின் முன்னிலையில் பொது விசாரணை நடத்தலாம். ஆறு மாதம் கழித்து, கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் மறுபடியும் மதிப்பெண் இடுங்கள். கேள்வி மாறிவிட்டால் இரண்டு அட்டைகளையும் ஒப்பிட வழியிருக்காது.