வடக்கே ரயிலில் ஊர் சுற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டெல்லி. பாடப் புத்தகத்தில் படித்த இந்த ஊர்களெல்லாம் சென்னையிலிருந்து புதுடெல்லி செல்லும் ஒரே தடத்தில் வரிசையாக வருகின்றன. கிழக்கே சற்று விலகினால் காசி. கையில் அளவான பணத்தோடு நான்கைந்து பழைய நகரங்களைப் பார்த்துவர நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான தடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அரையாண்டு விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தெரிந்தவர்கள் தங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே பிழைகள் அப்படியே அதில் இருக்கின்றன. பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவை, அடையாள அட்டை, வெளியில் தண்ணீர் குடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணத்தையும் நாளையும் விழுங்குபவை வேறு.

ஊர் திரும்பும் வண்டிக்கு முன்னால் தாமதமாகும் வண்டி

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த ஆண்டு இன்னொருவர் இதே திட்டத்தோடு வந்து நிற்கிறார். இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும். சென்னையிலிருந்து ஆக்ரா. அங்கிருந்து காசி. காசியிலிருந்து இரவு வண்டியில் டெல்லி. டெல்லியில் காலையில் இறங்கிச் செங்கோட்டையைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே சென்னை வண்டி. காலை எட்டு மணிக்கு வந்துவிடுவோம், மாலை நான்கு மணிக்குத்தான் அடுத்த வண்டி, நடுவில் எட்டு மணி நேரம் இருக்கிறதே என்பார்கள்.

மாதம் டிசம்பர். கங்கைச் சமவெளியில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கினால் ஓட்டுநருக்கு அடுத்த சிக்னல் அருகில் போகும்வரை தெரியாது. வேகத்தைக் குறைத்தாக வேண்டும். முன்னால் போகும் வண்டி ஊர்ந்தால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் ஊர்கின்றன. காசியிலிருந்தும் கான்பூரிலிருந்தும் டெல்லி நோக்கி வரும் தடம் ஏற்கெனவே நெரிசலானது. அங்கே ஐந்து மணி நேரத் தாமதம் வியப்பே இல்லை, பத்து மணி நேரமும் ஆவதுண்டு. டெல்லியிலேயே புறப்படும் வண்டி என்றாலும் முழுதாக நம்பிவிட முடியாது. பல வண்டிகளில் போவதற்கும் வருவதற்கும் ஒரே பெட்டித் தொடர்தான். அது வந்து சேர்ந்தால்தான் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்ப முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பிள்ளைகள் இருவரும் பாட்டியும் சேர்த்து ஐந்து பேர், சரியாக இந்தத் திட்டத்தில் சிக்கிக்கொண்டது. நண்பகலில் தொலைபேசியில் அழைத்தார்கள். வண்டி அலிகாருக்கு முன்னால் எங்கோ நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை என்றார் அந்தத் தாய். தந்தை அரைமணிக்கொரு முறை வண்டி எங்கே இருக்கிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி மட்டும் "போய்விடலாம், போய்விடலாம்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். டெல்லியில் இறங்கியபோது இருட்டிவிட்டது. சென்னை வண்டி போய்விட்டது. ஐந்து டிக்கெட்டுக்கும் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. புத்தாண்டு நெரிசலில் தத்கால் கிடைக்காமல் இரண்டு இரவு விடுதியில் தங்கி, கடைசியில் கடன் வாங்கி விமானத்தில் வந்தார்கள். மொத்தச் சுற்றுலாவுக்கும் ஒதுக்கியதைவிட அந்த விமானக் கட்டணம் அதிகம்.

அந்தக் குடும்பம் போனது அதே ஊர்களுக்குத்தான், வரிசை மட்டும் மாறியிருக்க வேண்டும். தாமதமாக வருவது நீங்கள் ஏற வேண்டிய வண்டி என்றால் பிளாட்பாரத்தில் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி தாமதமானால்தான் அடுத்த டிக்கெட் கைவிட்டுப் போகிறது. எனவே பனி அதிகமுள்ள, தூரமான ஊரை முதலில் முடித்துவிடுங்கள். சென்னையிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் காசிக்கு நேரடி வண்டிகள் உண்டு. அவை தினமும் ஓடாதவை என்பதால் அந்தக் கிழமைகளைப் பார்த்துப் பயணத்தைத் தொடங்குங்கள். அடுத்து டெல்லி. பிறகு ஆக்ரா, குவாலியர், ஜான்சி என்று படிப்படியாகத் தெற்கே இறங்கி, ஜான்சியிலோ போபாலிலோ சென்னை வண்டியில் ஏறுங்கள். டெல்லியிலிருந்து ஆக்ரா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆக்ராவிலிருந்து குவாலியர் 120, குவாலியரிலிருந்து ஜான்சி 100. வண்டி காலைவாரினாலும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரங்கள் இவை. ஊர் திரும்பும் வண்டி புறப்படுவதற்கு முந்தைய இரவே அந்த ஊரில் இருங்கள். ஒரு நாள் விடுதி வாடகைதான் கூடுதல் செலவு.

ஒன்றுக்கடுத்து ஒன்றாக இரண்டு வண்டி பிடித்தே தீரவேண்டும் என்றால், முன்பதிவின்போதே இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி இருக்கிறது, கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகள் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் வண்டியில் இறங்கும் நிலையத்திலேயே அடுத்த வண்டியில் ஏறுவதாக இருக்க வேண்டும். முதல் வண்டியின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால், விதிப்படி உரிய நேரத்துக்குள் விண்ணப்பித்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். திரும்பி வருவது பணம் மட்டும்தான். வேறு வண்டியில் இடம் தரமாட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன், அந்த வண்டி கடந்த சில நாட்களாக எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ரயில்வேயின் வண்டி நிலவரச் செயலியில் பாருங்கள். கால அட்டவணையில் இருப்பது ரயில்வேயின் விருப்பம். நேற்றும் முந்தாநாளும் நடந்ததுதான் உங்களுக்கு உதவும். பனிக்காலத்தில் சில வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்து அறிவிப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

நடுத்துண்டுக்குக் காத்திருப்புப் பட்டியல்

ஜான்சியிலிருந்து போபாலுக்கு, நெடுந்தூர வண்டி ஒன்றில் டிக்கெட் எடுக்கிறீர்கள். காத்திருப்புப் பட்டியலில் எட்டாவது இடம். எட்டுதானே, உறுதியாகிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த எட்டுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்ப்பதில்லை.

ஜி.என்.டபிள்யூ.எல். என்றிருந்தால் பொதுப் பட்டியல். வண்டி புறப்படும் இடத்திலிருந்தோ அதற்கு அருகிலிருந்தோ ஏறுகிறவர்களுக்கானது. பெரும்பாலான இருக்கைகள் இதில்தான் இருக்கின்றன, எனவே ரத்தாகும் டிக்கெட்டுகளும் அதிகம். பட்டியல் வேகமாக நகரும். ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.கியூ.டபிள்யூ.எல். என்றிருந்தால் வழியில் இருக்கும் ஊர்களுக்கென்று ஒதுக்கிய சிறு பங்கு. அதிலிருந்து யாராவது ரத்து செய்தால்தான் உங்களுக்கு இடம். முன்னதில் எழுபதாவது இடம் உறுதியாகிவிட, பின்னதில் எட்டாவது அப்படியே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் எடுத்த டிக்கெட் என்றால், இடம் கிடைக்காத நிலையில் வண்டியின் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரானதும் தானாகவே ரத்தாகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி ஏற முடியாது.

குறுகிய தூரங்களுக்கு அந்த ஊரிலேயே புறப்படும் பகல் வண்டியைத் தேடுங்கள். ஆக்ராவிலிருந்து குவாலியருக்கு முன்பதிவில்லாத பெட்டியிலேயே இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். முன்பதிவு வசதியை நெடுந்தூர இரவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. போகும் டிக்கெட் எடுத்த களிப்பில் திரும்பும் டிக்கெட்டுக்கான நாளை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

வெள்ளிக்கிழமை ஆக்ரா

தாஜ்மகாலுக்கு விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கள். அஜந்தாவுக்கும் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய். டிக்கெட் எடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஆக்ராவில் மாட்டிக்கொண்டால் கோட்டையையும் பதேபூர் சிக்ரியையும் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை விடியற்காலையில் தாஜுக்குப் போகலாம்.

எல்லா இரவும் ரயிலில்

விடுதிச் செலவை மிச்சப்படுத்த ஒவ்வோர் இரவும் ரயிலில் கழிக்கும் திட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கவலையாகிவிடும். முதல் இரவு சரி. இரண்டாவது இரவும் தாங்கும். மூன்றாவது பகலில் குவாலியர் கோட்டையின் ஏற்றத்தில் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே மான் மந்திர் அரண்மனையின் சுவரில் நீல ஓட்டில் இழைத்த வாத்துகளும் யானைகளும் இருக்கின்றன. சதுர்புஜக் கோயிலில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, அதில் எண்களுக்கிடையே ஒரு சிறிய வட்டமாகப் பூஜ்யத்தைப் பொறித்திருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் இதையெல்லாம் எங்கே நின்று பார்ப்பது? பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வந்தோம்.

ஓர் இரவு ரயில், ஓர் இரவு கட்டில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பெரிய நிலையங்களில் ரயில்வே ஓய்வறை இருக்கிறது, உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதிவு செய்யலாம். 12 மணி நேரத்துக்கும் கிடைக்கும். குளித்து, உறங்கி, துணி மாற்ற அது போதும்.

நிலையத்தின் பெயர்

ஆக்ராவில் கண்டோன்மென்ட், கோட்டை என்று வேறு வேறு நிலையங்கள். டெல்லியில் புதுடெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன், ஆனந்த் விஹார். காசியில் வாரணாசி சந்திப்பும் பனாரஸும் தனித்தனி. காசிக்கு அருகிலுள்ள முகல்சராய் இப்போது பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு, அது கங்கைக்கு அப்பால் இருக்கிறது. ஜான்சி 'வீராங்கனை லட்சுமிபாய் ஜான்சி' ஆகிவிட்டது, போபாலில் உள்ள ஹபீப்கஞ்ச் 'ராணி கமலாபதி' ஆகிவிட்டது. இறங்கும் நிலையமும் அடுத்து ஏறும் நிலையமும் வேறாக இருந்தால் ஆட்டோவுக்கும் நெரிசலுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பூட்டில்லாத பை

நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வாங்கமாட்டார்கள்.

சாஞ்சியைத் தாண்டிப் போவது

தடத்தின் மேலேயே சாஞ்சி நிலையம் இருக்கிறது. விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. விதிஷாவில் இறங்கினால் பத்து கிலோமீட்டர்தான். உதயகிரியின் குப்தர் காலக் குகைகளையும் அதே நாளில் பார்க்கலாம்.

ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட்

ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். ஒரே நீண்ட டிக்கெட்டை நான்காக உடைத்து வாங்கினால் நான்கு முறையும் விலை உயர்ந்த முதல் கிலோமீட்டர்களுக்கே பணம் கட்டுகிறீர்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் வழியில் இறங்கித் தங்க விதி இடம் தருகிறது. முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகே இறங்கலாம். 1000 கிலோமீட்டர் வரை ஒரு முறை, அதற்கு மேல் இரண்டு முறை. இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் விட்டுவிட்டு இரண்டு நாள் தங்கலாம். சென்னையிலிருந்து ஆக்ராவுக்கு ஒரே டிக்கெட் எடுத்து, போபாலில் இறங்கி சாஞ்சியைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். ராஜதானி, சதாப்தி வண்டிகளுக்கு இது பொருந்தாது. முன்பதிவு மையத்தில் படிவத்தைக் கொடுக்கும்போதே சொல்லி, அடுத்த பகுதிக்கும் சேர்த்தே இடம் பதிய வேண்டும். இறங்கிய ஊரில் டிக்கெட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

புறப்பட்ட ஊருக்கே திரும்பி வருவதானால் சுற்றுப்பயண டிக்கெட்டும் உண்டு. அதில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். வழித்தடத்தை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க அலைய வேண்டியிருக்கும், பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நிலையத்தில் போய்க் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் தலைமை முன்பதிவு மேற்பார்வையாளரைப் பாருங்கள்.