நாவல்பழச் சாறு அழற்சி மரபணுவை அடக்குகிறதா? பார்க்கும் முறை

ஆடி மாதம் செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் நாவல்பழக் கூடைகளைப் பார்க்கலாம். மலை தாண்டி ஆரியங்காவு பக்கம் போனால் அதுவே ஞாவல். உடம்புக்கு நல்லது என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். அதை நோய் எதிர்ப்பு செல்லில் சோதிக்கும் வழி இது. செல் வளர்ப்பு வசதி உள்ள கல்லூரியில் முதன்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. சாறு எடுங்கள்

பழத்தில் ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். கையில் ஒட்டிய கறை சோப்பு பட்டதும் நீலம் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். காரம் அதைக் குலைத்துவிடும். அதனால் சதையை, துளி அமிலம் கலந்த 70% எத்தனாலில் இருட்டில், குளிரில் ஓரிரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். பிறகு குறைந்த சூட்டில் எத்தனாலை நீக்கி உலர்த்துங்கள்.

2. செல் சாகிறதா?

இதைத் தாண்டிப் போகவே கூடாது. செத்த செல்லிலும் அழற்சி மரபணு அடங்கித்தான் இருக்கும். அது சாற்றின் வேலை அல்ல. ரா 264.7 என்ற எலி மேக்ரோபேஜ் (நோய் எதிர்ப்பு செல் வகை) செல்களில் பல அளவுகள் கொடுத்து எம்டிடி சோதனை செய்யுங்கள். எம்டிடி ஒரு மஞ்சள் சாயம், உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். சாறே எம்டிடியை ஊதாவாக்கக்கூடும். வளர்ப்புத் தட்டில் செல் இல்லாத குழியிலும் சாறும் எம்டிடியும் ஊற்றி ஒப்பிடுங்கள்.

3. நான்கு குழிகள்

வெறும் செல், சாறு மட்டும், எல்பிஎஸ் மட்டும், இரண்டும் சேர்ந்தது. எல்பிஎஸ் என்பது பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள பொருள். அது பட்டதும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் போய் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற அழற்சி மரபணுக்களை முடுக்கும். சாறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எல்பிஎஸ் கொடுங்கள், அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து ஆர்என்ஏ எடுங்கள்.

4. கணக்கு

ஆர்என்ஏவை சிடிஎன்ஏ (அதன் டிஎன்ஏ நகல்) ஆக்கி, சுற்றுக்குச் சுற்று பெருக்கி அளக்கும் க்யூபிசிஆரில் ஓட்டுங்கள். எல்பிஎஸ் குழியில் டிஎன்எஃப் 18ஆவது சுற்றில் தெரிகிறது, சாறு சேர்ந்த குழியில் 20ஆவதில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. ஆக, கால்பங்காகக் குறைந்திருக்கிறது. சரி, ஒப்பீட்டுக்கு வைக்கும், அளவு மாறாத மரபணுவான ஜிஏபிடிஎச் இரண்டிலும் 16 என்றால்தான் இது செல்லும். அதுவும் 18 ஆகியிருந்தால் ஆர்என்ஏ குறைவாகப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சாறு மட்டும் போட்ட குழியைப் பாருங்கள். அதில் டிஎன்எஃப் ஏறியிருந்தால் சாற்றிலேயே பாக்டீரியா நச்சு (எல்பிஎஸ்) கலந்திருக்கலாம். அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு, பழத்தை நன்றாகக் கழுவி முதலிலிருந்து தொடங்குங்கள்.