புது டாக்சிக்கு இன்சூரன்ஸ்: எவ்வளவு ஆகும், பாலிசியில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்

டெல்டாவில் முதல் முறையாக டி-போர்டு (வாடகைக்கு ஓடும்) வண்டி இறக்குகிறவர்கள் மாத டியூ, டீசல், டயர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். இன்சூரன்ஸுக்கு மட்டும் ஓன் போர்டு (சொந்த உபயோக) காருக்குக் கட்டும் தொகையை மனதில் வைத்திருப்பார்கள். டாக்சிக்கு அது பல மடங்கு. இன்னொன்று: புது ஓன் போர்டு காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டியை (நம்ம வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கு இழப்பீடு தரும் பகுதி) வாங்கும்போதே கட்டிவிடுகிறார்கள். டாக்சிக்கு ஒரு வருஷம்தான். அடுத்த வருஷமும் அதே செலவு முழுசாக வந்து நிற்கும்.

படி 1: தேர்டு பார்ட்டித் தொகையை நீங்களே போடுங்கள்

இதை நிர்ணயிப்பது மத்திய அரசு. எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான், பேரம் கிடையாது. 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த பட்டியல்படி, ஆறு பயணிகள் வரை ஏற்றும் டாக்சிக்கு:

1000 சி.சி. வரை: ரூ. 6,040, அதோடு பயணி ஒருவருக்கு ரூ. 1,162
1000 முதல் 1500 சி.சி. வரை: ரூ. 7,940, பயணி ஒருவருக்கு ரூ. 978
1500 சி.சி.க்கு மேல்: ரூ. 10,523, பயணி ஒருவருக்கு ரூ. 1,117

பயணி என்றால் டிரைவரைக் கழித்து. 1197 சி.சி. டிசையரில் 4 பேர். 7,940-உடன் நாலு 978, அதாவது 3,912 சேர்த்தால் 11,852. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,133. மொத்தம் 13,985 ரூபாய். இதே அளவு எஞ்சின் உள்ள ஓன் போர்டு காருக்கு அடிப்படைத் தொகை 3,416 மட்டுமே. அந்த 13,985-ஐ நாளுக்கு 38 ரூபாய் என்று பிரித்து, தினமும் சவாரிப் பணத்திலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டால் டியூ தேதியில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது. ஆடியில் கல்யாண சவாரி இருக்காது. பாலிசி டியூ அந்த மாதத்தில் விழாதபடி வண்டி எடுக்கும் தேதியையே யோசித்து வையுங்கள்.

படி 2: வண்டி வாங்கும் முன்பே சீட் எண்ணிக்கையைப் பாருங்கள்

998 சி.சி. வேகன்-ஆருக்கு வரியில்லாமல் 10,688, டிசையருக்கு 11,852. வித்தியாசம் 1,164 ரூபாய்தான். இன்சூரன்ஸ் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் சின்ன எஞ்சின் எடுக்க வேண்டியதில்லை.

பெரிய வண்டியில்தான் கவனம் வேண்டும். ஏழு சீட் இன்னோவாவில் பயணிகள் ஆறு பேர், 17,225 வரும். எட்டு சீட் என்றால் பயணிகள் ஏழு பேர். ஆறைத் தாண்டிவிட்டதால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும்: 14,343, அதோடு தலைக்கு 877. மொத்தம் 20,482. வரியோடு பார்த்தால் ஒரே ஒரு சீட்டுக்காக வருஷத்துக்கு 3,800 ரூபாய்க்கு மேல் கூடுதல். வேளாங்கண்ணி, நவக்கிரக சவாரிகளுக்கு அந்த எட்டாவது சீட் நிஜமாகவே தேவைப்படுமா என்று யோசித்து வாங்குங்கள்.

படி 3: பேரம் பேச வேண்டியது ஓன் டேமேஜ் பகுதியில்

ஓன் டேமேஜ் என்பது உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பகுதி. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது இது ஒன்றுதான். மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், மூன்றிலும் ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) ஒன்றாக இருக்கட்டும். "உங்களுக்காகக் குறைத்துத் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் பல நேரம் குறைத்திருப்பது ஐ.டி.வி.யைத்தான். வண்டி திருடு போனாலோ முழுக்க அழிந்தாலோ கம்பெனி கொடுக்கப்போவது அந்தத் தொகைதான். புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம், ஒன்றிலிருந்து இரண்டு வருஷ வண்டிக்கு 20 சதவீதம் கழிப்பது வழக்கம். 8 லட்ச ரூபாய் வண்டிக்கு முதலில் 7.6 லட்சம், அப்புறம் 6.4 லட்சம். ஐந்தரை லட்சம் போட்ட கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் கிளெய்ம் பணம் முதலில் ஃபைனான்ஸுக்குத்தான் போகும்; குறைந்த ஐ.டி.வி.யில் உங்கள் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

பழைய ஓன் போர்டு காரில் சேர்ந்த என்.சி.பி.யை (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) டாக்சிக்கு மாற்ற முடியாது. ஒரே வகை வண்டிக்குள்தான் அது நகரும்.

படி 4: தண்ணீருக்கு ஏற்பாடு

டெல்டாவில் ஓட்டுகிறவர் தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்பது பெரிய தவறு. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னையும் புளியமரமும் எப்படிச் சாய்ந்தன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மரம் விழுந்த வண்டிக்கும் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் தேர்டு பார்ட்டி பாலிசி ஒரு ரூபாய் தராது. ஓன் டேமேஜ் சேர்ந்த பாலிசிதான் தரும்.

அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்காலும் ரோடும் ஒன்றாகத் தெரியும்போது வண்டி இறங்கி நின்றுவிடுகிறது என்று வையுங்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்தச் சேதத்தை வெள்ளம் செய்ததாகச் சர்வேயர் எழுதமாட்டார். ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று எழுதுவார், கிளெய்ம் நிற்காது. இதற்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர். பம்பர் டு பம்பரா (தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் கவர்) இதுவா என்று ஒன்றைத்தான் எடுக்கப் பணம் இருக்கிறதென்றால், நம்ம ஊருக்கு எஞ்சின் புரொடெக்ட் என்பேன். டாக்சிக்கு எல்லாக் கம்பெனியும் தருவதில்லை. அதனால் கொட்டேஷன் கேட்கும்போதே இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

கவர் இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். நின்ற இடத்திலேயே தண்ணீர் மட்டம் தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றுதல், கம்பெனிக்கு போன், அப்புறம் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப். இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 5: பாலிசியை வரி வரியாக வாசியுங்கள்

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பணம் கட்டியாகிவிட்டது, பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவழியுங்கள்.

முதலில் வண்டியின் வகுப்பு. பயணிகளை வாடகைக்கு ஏற்றும் வண்டி என்ற பொருளில் இருக்க வேண்டும். ஓன் போர்டிலிருந்து டி-போர்டுக்கு மாற்றிய வண்டிகளில் ஆர்.சி. மாறியிருக்கும், பாலிசி பழையபடி 'பிரைவேட் கார்' என்றே கிடக்கும். அப்படி வாடகைக்கு ஓடி மோதினால் உங்கள் வண்டிக்குக் கிளெய்ம் கிடைக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும் அதை உங்களிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாற்றம் முடிந்த அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் கொடுத்து, வித்தியாசத் தொகையைக் கட்டி என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் மாற்றத்தைப் பதிந்த காகிதம்) வாங்குங்கள்.

அடுத்தது சீட் எண்ணிக்கை. ஆர்.சி.யில் 4+1 இருந்து பாலிசியிலும் அதுவே இருந்தால் சரி. ஆறு பேரை ஏற்றிப்போய் விபத்தானால், கூடுதலாக ஏறியவர்களின் இழப்பீட்டுச் சுமை உங்கள் தலையில்.

எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். கேஸ் கிட் போட்டிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற வேண்டும். தேர்டு பார்ட்டிப் பகுதியில் அதற்குக் கூடுதல் 60 ரூபாய்தான், அதற்குப் பயந்து மறைக்காதீர்கள். முகூர்த்த நாளில் ஆக்டிங் டிரைவரிடம் வண்டியைக் கொடுப்பீர்கள் என்றால், சம்பள டிரைவருக்கான கவரும் இருக்கட்டும். பழைய கட்டணப் பட்டியலில் அது ஒருவருக்கு 50 ரூபாய். உரிமையாளரே ஓட்டினால் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு கட்டாயம். அந்த அளவுக்குத் தனிக் காப்பு ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது தேவையில்லை.

கடைசியாக எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, பாலிசி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் அனுப்பிய போட்டோவை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். சில நாள் ஆகியும் ஏறாவிட்டால் பாலிசி எண்ணைச் சொல்லிக் கம்பெனியிலேயே நேராகக் கேளுங்கள்.

படி 6: இன்சூரன்ஸைச் செல்லாமல் ஆக்கும் மற்ற காகிதங்கள்

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி தாண்டியிருந்தால் கிளெய்ம் சிக்கலாகும். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருஷா வருஷம். லைசென்ஸைப் பொறுத்தவரை 2024 நவம்பர் 6-இல் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம்.

நம்ம பகுதிக்கே உரிய சிக்கல் பெர்மிட்டில்தான். ஒன்பது நவக்கிரகக் கோயில்களில் எட்டு தமிழ்நாட்டில், திருநள்ளாறு மட்டும் காரைக்கால் மாவட்டம், அதாவது புதுச்சேரி. காலையில் சூரியனார்கோவிலில் தொடங்கும் சவாரி வழியில் யூனியன் பிரதேச எல்லையைத் தாண்டுகிறது. உங்கள் பெர்மிட் தமிழ்நாட்டோடு நிற்கிறதா, அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட்டா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் சவாரி ஒப்புக்கொள்ளும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்து, வேண்டிய பெர்மிட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பெர்மிட் இல்லாமல் ஓடுவது அடிப்படை மீறல் என்று சுப்ரீம் கோர்ட் 2018-இலேயே சொல்லியிருக்கிறது; அப்போதும் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும்.

பின்சேர்க்கை: பழைய டாக்சி வாங்குகிறவர்களுக்கு

இதை மேலே எழுதாமல் விட்டிருந்தேன். பலரும் கேட்டதால் சேர்க்கிறேன். பழைய ஓனர் பேரில் பாலிசி ஒன்பது மாதம் இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா என்றால், கூடாது. வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டிப் பகுதி தானாகவே உங்களுக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் பகுதி வராது. வாய்க்காலில் இறங்கினாலும் மரத்தில் மோதினாலும் பழைய ஓனரும் கேட்க முடியாது, நீங்களும் கேட்க முடியாது. கைமாறிய 14 நாளுக்குள், விற்றவர் கையெழுத்திட்ட படிவத்தின் நகலோடு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பேரை மாற்றுங்கள். விற்றவரின் என்.சி.பி. அவரோடு போய்விடும், அந்தத் தள்ளுபடிக்கு ஈடான தொகையைக் கம்பெனி உங்களிடம் கேட்கும். வண்டி விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.