பாளையங்கோட்டையில் உங்களுக்கான கிறிஸ்தவ சபையைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருக்கிறீர்களா? பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பஞ்சமே இல்லை. 1785-இல் குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய சிற்றாலயம், 1826-இல் எழுந்த ஊசிக்கோபுரக் கோயில், கத்தோலிக்கருக்கு சவேரியார் பேராலயம் என நிறைய இருக்கின்றன. ஆனால் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரே கோயிலுக்கு மூன்று நான்கு ஞாயிறு தொடர்ந்து போங்கள். ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுக்காமல் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள், யார் வந்து பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் முதலில் போன ஓரிடத்தில் "எந்த ஊரு?" என்றார்கள், சொன்னேன், உடனே "அங்க எந்தத் தெரு?" என்று வந்தது. அது சாதியைத் தேடும் கேள்வி என்று நம்மூர்க்காரர் எல்லாருக்கும் தெரியும். மனசு விட்டுப்போனது. அப்புறம் நான் சேர்ந்த சபையில் ஒரு பாட்டி தன் பாமாலைப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார், வெளியே வந்ததும் "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும்தான் கேட்டார்.

அசனம், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் பொதுவிருந்து, நடந்தால் கட்டாயம் போங்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், பரிமாறுவது யார், சேகரத்தை (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியை) நடத்தும் கமிட்டியில் எல்லாத் தெருக்காரர்களும் பெண்களும் இருக்கிறார்களா, இதெல்லாம் பிரசங்கத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிடித்துப்போனால் குருவானவரைப் பார்த்துப் பேசி, பாடகர் குழுவிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ சேர்ந்துவிடுங்கள். பழைய சேகரத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் பேர் சேர்க்கும்போது அலைய வேண்டியிருக்காது.