தூரத்துச் சொந்தத்தை டி.என்.ஏ.வில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860-ல் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வம்சத்தார் பலர் இப்போது டி.என்.ஏ. பரிசோதனை செய்து, ஊரில் விட்டுப்போன சொந்தங்களைத் தேடுகிறார்கள். மொரீஷியஸ், பிஜி, மலேசியாவிலும் இந்த ஆசை இருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனால் உறவை ஊகிக்கும் கணக்குகள் நம் கல்யாண முறைகளை மனதில் வைத்துப் போட்டவை அல்ல. அங்கேதான் நம்மவர்கள் வழி தவறுகிறார்கள்.

இந்தத் தேடலுக்கு உதவும் ஆட்டோசோமல் பரிசோதனை, அப்பா அம்மா இருவர் வழியாகவும் வந்த 22 ஜோடி குரோமோசோம்களைப் பார்க்கும். இரண்டு பேருக்குப் பொதுவாக உள்ள துண்டுகளின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அளவில் கூட்டி, அந்தத் தொகைக்கு ஏற்ற உறவைச் சொல்லும். டி.என்.ஏ. வழியே வம்சத்தைத் தேடும் ஆய்வாளர் பிளேன் பெட்டிங்கர் என்பவர் பலரிடம் இந்த எண்களைக் கேட்டுத் திரட்டி வருகிறார். அவரது 2020 தொகுப்பின்படி, தாத்தா பாட்டி ஒன்றாக உள்ள ஒன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 866 சென்டிமார்கன். கொள்ளுத்தாத்தா ஒன்று என்றால், அதாவது இரண்டுவிட்ட உறவுக்கு, 229. எள்ளுத்தாத்தா ஒன்று என்றால், அதாவது மூன்றுவிட்ட உறவுக்கு, 73. பங்காளியா, மாமன் மச்சானா என்பதெல்லாம் இந்தச் சோதனைக்குத் தெரியாது.

சோதனை செய்த நிறுவனத்தின் தளம் காட்டும் உறவுப்பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் தன் மகனுக்குத் தங்கை மகளையே கட்டிவைக்கிறார். அந்தத் தம்பதியின் பிள்ளை நீங்கள். இளைய மகனின் பேரன் ஒருவர் தளம் தரும் உங்கள் பொருத்தப் பட்டியலில் வருகிறார். அப்பா வழியில் அவர் உங்களுக்கு இரண்டுவிட்ட உறவு. அம்மா வழியில் எண்ணினாலும் அதே இரண்டுவிட்ட உறவு. ஆக, 229 வர வேண்டிய இடத்தில் 460 போல வந்து நிற்கும். உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒன்றுவிட்ட உறவாக இருப்பவருடன் உங்களுக்கு வரும் சராசரி 433. தளம் அதையே ஊகமாகச் சொல்லிவிடும். நீங்களும் ஒரு தலைமுறை கிட்டத்தில், இல்லாத சித்தப்பாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அக்காள் மகளைக் கட்டிய குடும்பங்களில் இந்தக் கூடுதல் இன்னும் அதிகம்.

முறைப்பெண் கல்யாணமே நடக்காத வீட்டிலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. பல நூறு வருடங்களாக ஒரே சாதிக்குள், பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறோம். அதனால் சின்னச் சின்னத் துண்டுகள் எல்லோரிடமும் சிதறிக் கிடக்கின்றன. இங்கே மொத்தத் தொகையை விட மிக நீளமான துண்டைப் பார்ப்பது நல்லது. 60 சென்டிமார்கன் என்பது பத்துப் பத்தாக ஆறு துண்டுகள் என்றால் அது பழைய, கலந்துபோன உறவாக இருக்கலாம். முப்பது முப்பதாக இரண்டு துண்டுகள் என்றால் அந்த ஆளுக்குக் கடிதம் எழுதுங்கள். 7 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அவற்றில் பல தற்செயலான பொருத்தங்கள். உங்களிடம் காட்டி, அப்பாவிடமும் அம்மாவிடமும் காட்டாத துண்டு பொய்த்துண்டு.

வேறு நிறுவனத்தில் எடுத்த சோதனை முடிவை ஏற்றிப் பார்க்கும் ஜெட்மேட்ச் (GEDmatch) தளத்தில் உங்கள் பெற்றோர் ஒருவருக்கொருவர் ரத்த உறவா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறது. பட்டியலைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நீங்களும் பட்டியலில் உள்ள இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொருந்துகிறீர்கள், ஆகவே மூவருக்கும் ஒரே முன்னோர் என்று முடிவு கட்டுவதும் இதே வகைத் தவறுதான். முதலாமவர் உங்களுக்கு அப்பா வழியில், இரண்டாமவர் அம்மா வழியில், அவர்கள் இருவரும் வேறொரு வழியில் சொந்தமாக இருக்கலாம். மூவரும் ஒரே குரோமோசோமில் ஒரே இடத்தில் பொருந்துகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு மனசைக் கஷ்டப்படுத்துவது. பொருத்தம் வரவில்லை, அதனால் உறவில்லை என்று சொல்லிவிடுவது. மூன்றுவிட்ட உறவிலேயே பத்தில் ஒரு ஜோடிக்குப் பொருத்தம் தெரியாது. நான்குவிட்ட உறவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தெரியாது. நிஜமான சொந்தங்கள்தான், பொதுவான துண்டு இறங்கி வரவில்லை, அவ்வளவே. அண்ணனுக்கு வராத பொருத்தம் தங்கைக்கு வரலாம்.

அப்புறம், பெயரை நம்புவது. ஊரில் நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. நேட்டாலின் டர்பன் நகரில் கோவெண்டர், மூட்லி, படையாச்சி என்று இருப்பவை சாதிப் பட்டங்கள் குடும்பப் பெயரானவை. ஒரே பட்டம் இருப்பதால் சொந்தமாகிவிடாது. சிலருக்குத் தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டதால், கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் வேறு வேறு பெயரில் இருக்கக்கூடும். பெயரைவிடக் கப்பல் பதிவேடுதான் கைகொடுக்கும். தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம் என்று அதில் எழுதியிருப்பார்கள். டி.என்.ஏ. பொருத்தம் வந்தவரின் ஊரும் பதிவேட்டின் கிராமமும் பக்கத்தில் இருந்தால், அங்கிருந்து தேடலை நம்பித் தொடங்கலாம்.

அந்தரங்கத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2023-ல் டி.என்.ஏ. சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருட்டுப்போனது. பலர் வேறு தளங்களில் வைத்திருந்த அதே கடவுச்சொல்லை அங்கும் வைத்திருந்ததுதான் திருடர்களுக்கு வழி திறந்தது. புதிய கடவுச்சொல் வையுங்கள்.

கடைசியாக, வீட்டில் பெரியவர் இருக்கும்போது சின்னவர் சோதனை செய்துகொள்வது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி போய்விடுகிறது. பாட்டி ஒரு தலைமுறை மேலே நிற்பவர் அல்ல, இரண்டு. அவரிடம் இருப்பதில் கால்வாசிதான் உங்களிடம் உண்டு. எதற்கு என்று புரியும்படி சொல்லி, அவர் சம்மதித்த பிறகு எடுங்கள். எச்சில் சோதனை என்றால் அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. வாய் வறண்டவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் சோதனை சுலபம். காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யாருடைய பெண்ணைக் கட்டினார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். 460 ஏன் வந்தது என்பதற்கு விடை அந்த நோட்டில் இருக்கும்.